பெட்டியை அணைக்காத இஷாக்

இந்தத் துயரக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் சங்கத் தலைவர் அண்ணன் பொன்னழகு அவர்களே, மேடையில் எனக்கு இடப்புறம் அமர்ந்திருக்கும் குளிர்பதனக் கிடங்குகளின் மேலாளர் பழனிக்குமார் அவர்களே, பேகம்பூரிலிருந்து வந்திருக்கும் ஜமாஅத் பெரியவர்களே, சாணார்பட்டி, ஆத்தூர், சேவுகம்பட்டிக் கிடங்குகளிலிருந்து ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கும் ஆபரேட்டர்களே, சுமை தூக்கும் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் இஷாக்கின் மைத்துனர் முகமது பாரூக் பாய் அவர்களே, மண்டபத்து வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எத்தனை முறை கூப்பிட்டாலும் உள்ளே வர மறுக்கும் தம்பி அழகுராஜா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் அருள்நாதனின் வணக்கம்.

வணக்கம் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் பேசத்தான் வாய் வரவில்லை. நான் மேடைப் பேச்சாளன் அல்ல, கிடங்குகளுக்கு மின்சார வேலை பார்க்கிறவன். எங்கள் சங்கக் கூட்டங்களில் பேசுகிற வேலையை எப்போதும் செயலாளர் பார்த்துக்கொள்வார். மைக் கூவினால் அதைச் சரிசெய்வதும் அவர்தான், வந்தவர்களுக்குக் காபி போதுமா என்று எட்டிப் பார்ப்பதும் அவர்தான். அந்தச் செயலாளர்தான் இன்று படத்தில் இருக்கிறார். மேடை மரியாதைக்காக அவர், அவர் என்று சொல்கிறேன். இருபது வருஷப் பழக்கம், நாக்கு தவறி அவன் என்று வந்தால் பாரூக் பாய் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் சங்கத்தின் செயலாளர், மூன்று கிடங்குகளின் கருவிகளையும் கண்ணில் வைத்துக் காத்த தொழில்நுட்ப மேற்பார்வையாளர் இஷாக் அவர்கள், போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாணார்பட்டிக் கிடங்கில் அமோனியா வாயு தாக்கி இறந்துபோனார். எப்படி இறந்தார்? கம்ப்ரசர் அறைக்குள் போனார், இறந்தார். அதுவரை எல்லோருக்கும் தெரியும். அவர் போன பிறகு வாயு கசிந்ததா, கசிந்துகொண்டிருந்த அறைக்குள் அவர் போனாரா? இந்த ஒரு கேள்விதான் மிச்சம். இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் நாம் மாலை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

வெளியாட்களும் வந்திருப்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கிடங்கில் உங்கள் புளியும் வத்தலும் காய்கறியும் கெடாமல் இருப்பது அமோனியாவால். அது குழாய்க்குள் இருக்கும்வரை குளிர்ச்சி. வெளியே வந்தால் நஞ்சு. வெளியே வருகிறதா என்று கவனிக்க ஒவ்வொரு கம்ப்ரசர் அறையிலும் சுவரில் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கிறோம். அது அறைக் காற்றில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று அளந்து, இணையம் வழியாகத் திண்டுக்கல் அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அலுவலகத்தில் ஒரு பெரிய போர்டு இருக்கிறது. பெட்டி பேசினால் பச்சை விளக்கு. பேச்சை நிறுத்தினால் சிவப்பு.

அந்தப் பெட்டிகளுக்கு ஒரு வியாதி உண்டு. நன்றாகப் பேசிக்கொண்டே இருக்கும், திடீரென்று நிறுத்திவிடும். கரண்டு இருக்கும், பெட்டியில் விளக்கு எரியும், கிடங்கு மோடத்தின் சிம்மில் சிக்னலும் இருக்கும். ஆனால் பேசாது. ஒரு தடவை அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி பேச ஆரம்பிக்கும். ஏன் நின்றது? தெரியாது. ஏன் வந்தது? அதுவும் தெரியாது. பெட்டி விற்றவரைக் கேட்டால் உங்கள் ஊர் நெட்வொர்க் சரியில்லை என்பார். நெட்வொர்க்காரரைக் கேட்டால் பெட்டியைப் பாருங்கள் என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து அலைந்தது இஷாக் ஒருவர்தான்.

மற்ற நாம் எல்லோரும் என்ன செய்தோம்? வசதி செய்துகொண்டோம். கம்ப்ரசர் அறைக்குள் போய்ப் போய் அணைப்பது சிரமம் என்று, பெட்டியின் சுவிட்சை வெளியே வராந்தாச் சுவருக்குக் கொண்டுவந்தோம். அலுவலகத்திலிருந்து சிவப்பு என்று போன் வந்தால் பக்கத்தில் யார் இருந்தாலும் ஒரு தட்டு. டீ கொண்டுவருகிறவர் தட்டுவார். லோடு இறக்க வந்த லாரி டிரைவர் தட்டுவார். பத்தி கொளுத்திவிட்டு வருகிற வழியில் ஆபரேட்டர் தட்டுவார். கோவிலில் மணி அடிப்பதைப்போல அது ஒரு பழக்கமாகிவிட்டது. உலகத்தில் வேறெந்தக் கிடங்கிலும் இப்படி ஒரு சுவிட்ச் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் மூன்று கிடங்குகளிலும் இருக்கிறது.

ஒரே ஒருவர் மட்டும் தட்ட மாட்டார். அவர் பெயர் இஷாக். தட்டியவர்களையும் அவர் சும்மா விட்டதில்லை. ஒவ்வொரு கிடங்கிலும் அவர் சொன்ன வார்த்தையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். “அது ஊமைதான்ப்பா, குருடு இல்ல. பேச முடியாத நேரத்துலயும் உள்ள அளந்து வச்சுக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க அணைச்ச உடனே அம்புட்டையும் மறந்துரும். அப்பறம் நான் யாருகிட்ட போய்க் கேக்க?”

அவர் சொன்னது உண்மை. பெட்டி வாயடைத்துப்போன நேரத்தில் அதோடு கேபிளை மாட்டி மடிக்கணினியில் பார்த்தால், எப்போது நின்றது, நிற்கும்போது என்ன செய்துகொண்டிருந்தது, அதன் பிறகு என்ன அளந்தது, எல்லாம் உள்ளே இருக்கும். அணைத்துப் போட்டால் எல்லாம் போய்விடும். ஆகவே அவர் பெட்டி நின்ற செய்தி கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார். அவர் போய்ச் சேருவதற்குள் யாராவது ஒரு நல்ல மனிதர் தட்டியிருப்பார். “வந்துருச்சுண்ணே, சரியாயிருச்சு” என்று சிரித்த முகத்தோடு டீயும் வாங்கிக் கொடுப்பார். அந்த டீயைக் குடித்துவிட்டு இஷாக் திரும்பி வருவார். அந்த டீயை எத்தனை முறை குடித்தாரோ, எனக்குக் கணக்குத் தெரியாது.

ஒரே ஒரு முறை அவர் முந்திக்கொண்டார். சேவுகம்பட்டியில். அங்கே பெட்டி அடிக்கடி நின்றது. நின்று நின்று, கடைசியில் நம்முடைய ஆட்கள் அதற்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டுவிட்டார்கள். இஷாக் போய் அதன் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். யாரையும் சுவிட்சுக்குப் பக்கத்தில் விடவில்லை. பார்த்தால், முதலாளியின் மகன் அலுவலக அறையில் கேமரா பார்க்கும் கருவி ஒன்று புதிதாக வாங்கி வைத்திருக்கிறார். பெட்டிக்கு இருந்த அதே முகவரியைத்தான் அந்தக் கருவிக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அந்த முதலாளி மகன் கேமராவைப் போடும்போதெல்லாம் பெட்டியின் தபால் கேமராவுக்குப் போயிருக்கிறது. முகவரியை மாற்றினார், பெட்டி பேசியது. எலுமிச்சம்பழத்தைக் கழற்றலாமா என்று கேட்டபோது, “அது பாட்டுக்கு இருக்கட்டும், அது ஒண்ணும் நெட்வொர்க்கத் தடுக்கல” என்றார். அன்று முழுவதும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பை நான் பார்த்தேன். கல்யாண வீட்டில்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

சேவுகம்பட்டி தீர்ந்தது. சாணார்பட்டியும் ஆத்தூரும் தீரவில்லை. அங்கே கேமராவும் இல்லை, வேறெதுவும் இல்லை. அங்கே அந்தப் பெட்டிகள் ஏன் நிற்கின்றன என்று அவருக்கும் தெரியவில்லை. “காரணமில்லாம நிக்காது அருளு. நமக்குத்தான் தெரியல” என்பார். எனக்கு அலுத்துவிடும். போகிறதே இஷாக், வருகிறதே, விடேன் என்பேன். அவர் விடமாட்டார்.

அவருக்கு ஏன் அந்தப் பெட்டிமேல் அவ்வளவு அக்கறை? சம்பளத்துக்காகவா? வேறு காரணம் இருந்தது, அது எங்களில் சிலருக்குத்தான் தெரியும். கொரோனா வந்து போனதிலிருந்து இஷாக்குக்கு எந்த வாசமும் தெரியாது. நம்மில் பலருக்குப் போன மூக்கு திரும்பி வந்தது. அவருக்கு வரவேயில்லை. வைத்தியமெல்லாம் பார்த்தார். பூ மார்க்கெட்டுக்குள் அவரோடு நடந்து போனால், அவ்வளவு மல்லிகைக்கு நடுவிலும் சிமெண்டுக் குடோனுக்குள் நடப்பதுபோல வருவார். வீட்டில் அவர் மனைவி நஸீரா தங்கச்சி பிரியாணித் தேக்சாவைத் திறந்ததும் எங்கள் முகங்களைத்தான் பார்ப்பார். எங்கள் முகம் மலர்ந்தால் சரியாக வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார். நாங்கள் கேலி செய்வோம், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கிடங்கில் அது கேலியாக இல்லை. அமோனியா கொஞ்சம் கசிந்தாலும் உங்களுக்கும் எனக்கும் மூக்கு சொல்லிவிடும். அவருக்குச் சொல்லாது. கண் எரியும்போதுதான் தெரியும், கண் எரியும்போது நேரம் கடந்திருக்கும். அவருக்கு மூக்கு அந்தப் பெட்டிதான். பெட்டி வாயை மூடினால் அவருக்கு ஒன்றும் தெரியாது. என்னோடு வரும்போதெல்லாம் வாசலில் நின்று, “வாசம் அடிக்குதா அருளு?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். நான் இல்லை என்றால் வருவார். அந்த வெள்ளிக்கிழமை அவர் யாரைக் கேட்டிருப்பார்?

அன்று தொழுகை முடித்துவிட்டு வருகிறார். சாணார்பட்டி சிவப்பு. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வழக்கமான செய்தி வந்துவிட்டது: யாராவது அணைத்துப் போடுங்கள். ஆபரேட்டர் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார். புளி ஏற்றிய லாரி வெளியே கேட்டில் நிற்கிறது, எல்லோரும் அங்கே. சுவிட்சுக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. எத்தனையோ நாளாக அவர் காத்திருந்த வாய்ப்பு அது. யாரும் தொடாத, வாயடைத்த பெட்டி. அவர் மடிக்கணினியையும் கேபிளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கேட்டில் நின்ற காவலர் அழகுராஜாவுக்குச் சீறும் சத்தம் கேட்டது. ஓடி வந்தார். கதவுக்கு முன்னாலேயே கண்ணைத் திறக்க முடியவில்லை. மூச்சுக்கருவி எங்கே இருந்தது? அலுவலக அலமாரியில், பூட்டி, பத்திரமாக இருந்தது. உள்ளே போகலாமா, போனால் தானும் விழுவோமா, அண்ணன் எந்தப் பக்கம் கிடக்கிறார், ஒன்றும் தெரியாமல் தவித்தவர், பெட்டி பேசினால் உள்ளே எவ்வளவு வாயு என்றாவது தெரியுமே என்று வராந்தாச் சுவிட்சை அணைத்துப் போட்டார். பெட்டி பேசியது. போர்டில் எண் ஏறியது. அந்த எண்ணைப் பார்த்து அலுவலகத்திலிருந்து போகாதே, போகாதே என்று கத்தினார்கள். அதையும் மீறி ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போய் இஷாக்கை இழுத்து வந்தது இதே அழகுராஜாதான். வெளியே வந்தபோது இஷாக்குக்கு உயிர் இல்லை.

தம்பி அழகுராஜா, இந்த மைக் வழியாக உனக்குச் சொல்கிறேன். நீ செய்தது சரி. உன் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த ஒரு தட்டில், அதற்கு முன்னால் பெட்டி அளந்து வைத்திருந்தது அத்தனையும் அழிந்துபோனது. இஷாக் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே அறையில் வாயு இருந்ததா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி மறந்துபோனது. இதில் உன்மேல் குற்றமில்லை. யார்மேல் குற்றம் சொல்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

சாட்சி இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? அறிக்கை வரும். வந்துவிட்டது. அறிக்கை என்ன சொல்கிறது? கசிவு இருந்ததற்கு முன்பதிவு எதுவும் இல்லை, ஊழியர் உள்ளே சென்றபோது வால்வைத் தவறாகக் கையாண்டதால் வாயு வெளியேறியிருக்கலாம் என்கிறது. கையாண்டிருக்கலாம். லாம். அந்த வால்வை அவர் திறந்தாராம். இழுத்து வரும்போது அவர் கையில் இருந்தது இன்னும் பெட்டியில் மாட்டாத கேபிள். மடிக்கணினி பெட்டிக்குக் கீழே கிடந்தது. ஒரு கையில் மடிக்கணினி, மறுகையில் கேபிள், வால்வைத் திறக்க மூன்றாவது கை எங்கிருந்து முளைத்தது? விசாரித்தவர்களிடம் கேட்டேன். கீழே வைத்துவிட்டுத் திறந்திருக்கலாமே என்றார்கள். அதற்கும் லாம். நான் சொல்வது வாதம்தானாம், சான்று இல்லையாம். மேலாளர் பழனிக்குமார் அவர்களே, நீங்கள் தலை குனிய வேண்டாம், அறிக்கையை எழுதியது நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இந்த லாம் என்கிற ஒரு சொல் சாணார்பட்டியில் என்ன வேலை செய்திருக்கிறது தெரியுமா? அன்று புளி இறக்க வந்திருந்த நாகஜோதி என்கிற பெண் காற்று வீசிய திசையில் நின்றிருந்தாள். இன்னும் மதுரை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஒரு கண் தேறும், ஒரு கண்ணைப் பற்றி டாக்டர்கள் வாயைத் திறக்கவில்லை. பார்க்கப் போயிருந்தேன். அவளுடைய கணவர் என்னைப் பார்த்துக் கோபமாகக்கூடப் பேசவில்லை. “உங்காளு எதுக்குங்க அந்த வால்வப் போய்த் தொட்டாரு?” என்று மட்டும் கேட்டார். அவர் தொடவில்லை என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். வாங்கிப் போன ஹார்லிக்ஸை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பேகம்பூர் வீட்டுக்கும் போனேன். நஸீரா தங்கச்சி, கணவரை இழந்தவர்கள் அனுசரிக்கும் இத்தாவில் இருக்கிறது, வெளியே வரக்கூடாது. பாரூக் பாய் கூடத்தில் என்னோடு உட்கார்ந்தார், அது கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசியது. கிடங்கிலிருந்து வரவேண்டியதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தேன். அது கேட்கவேயில்லை. “அண்ணே, எனக்கு வேற எதுவும் வேணாம். அவங்க அந்த வால்வத் தொட்டாங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. ஒரு பொண்ணு கண்ணு போயிருக்குண்ணே. தொட்டிருந்தாங்கன்னா நான் போய் அவ கால்ல விழணும். தொடலன்னா எம்மக பர்ஹானா தல நிமிந்து பள்ளிக்கூடம் போகணும். ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும்ல?” என்று கேட்டது.

பெரியோர்களே, இதைவிட நியாயமான ஒரு கேள்வியை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கண்டுபிடித்துச் சொல்கிறேன் தங்கச்சி என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

டீக்கடைகளில் இன்னொன்றும் பேசிக்கொள்கிறீர்கள். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன பயன்? எல்லோரையும்போல இஷாக்கும் வெளியே நின்று ஒரு தட்டுத் தட்டியிருந்தால் பெட்டி பேசியிருக்கும், வாயு இருந்திருந்தால் தெரிந்திருக்கும், அவர் உள்ளேயே போயிருக்க மாட்டார், இன்று நம்மோடு இருந்திருப்பார் என்கிறீர்கள். உண்மை. இதை மறுக்க எனக்கு வழியே இல்லை. வேலையை ஒழுங்காகச் செய்ய நினைத்ததால் செத்தான். நம்மைப்போல அரைகுறையாகச் செய்திருந்தால் பிழைத்திருப்பான். இதைச் சொல்லிவிட்டு நான் இளைஞர்களுக்கு என்ன அறிவுரை சொல்ல முடியும்? இஷாக்கைப்போல இருங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? எனக்கு ஒரு மகன் இருக்கிறான், அவனிடம் நான் அதைச் சொல்வேனா?

என் கையில் ஒரு தீர்மானத்தைக் கொடுத்திருக்கிறார்கள், வாசிக்கச் சொல்லி. நிர்வாகம் பெரிய மனதோடு முன்வந்திருக்கிறது. இனி எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரு டைமர் மாட்டுவார்களாம். அது தினமும் தானாகவே பெட்டியை அணைத்துப் போடும். இனி யாரும் அறைக்குள் போக வேண்டியதில்லை, சிவப்பே வராது. அதற்கு இஷாக் நினைவுத் திட்டம் என்று பெயர். அண்ணன் பொன்னழகு அவர்கள் மன்னிக்க வேண்டும், இதை நான் வாசிக்க மாட்டேன். பெட்டி தினமும் மறக்க வேண்டும், அதற்கு அவன் பெயரா? மனிதன் எதை எதிர்த்துக்கொண்டே இருந்தானோ அதற்கே அவன் பெயரை வைப்பதற்கு எவ்வளவு நல்ல மனது வேண்டும்.

கோபப்படுவதற்காக நான் இங்கே நிற்கவில்லை. உங்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. இன்று காலையில் வந்த செய்தி.

காலையில் ஆத்தூர் ஆபரேட்டர் முகேஷ்குமார் எனக்குப் போன் செய்தார். கம்ப்ரசர் அறையில் லேசாக வாசம் அடித்தது, வால்வைச் சுற்றி இறுக்கிவிட்டேன், இப்போது நின்றுவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். போனை வைக்கப் போகும்போது, பெட்டி மட்டும் நின்றுவிட்டது அண்ணே, தட்டிவிடவா என்று கேட்டார். தட்டாதே என்று கத்தினேன். எப்போது நின்றது என்று கேட்டேன். வாசம் வந்த நேரத்தில்தான் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசம் வந்த நேரத்தில்தான் நின்றிருக்கிறது. வாயு ஏறினால் இந்தப் பெட்டி சும்மா இருக்காது, அபாயம், அபாயம் என்று அடுத்தடுத்துச் செய்தி அனுப்பும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு புது இணைப்பைத் திறக்கும். திறந்ததை மூடாமல் விட்டால்? திறந்து திறந்து, முதல் செய்தி போய்ச் சேருவதற்குள் இடமெல்லாம் நிரம்பி, ஒரு வார்த்தைகூட அனுப்ப முடியாமல் அடைத்துக்கொள்ளும். அணைத்துப் போட்டால் இடம் காலியாகி, அப்போதைய எண் மட்டும் போய்விடும். சொல்ல வேண்டியது வரும்போதுதான் அதற்கு வாய் அடைக்கிறது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத சின்னக் கசிவு எத்தனை முறை வந்து போனதோ, அத்தனை முறையும் நாம் வெளியே நின்று தட்டியிருக்கிறோம். இது என் ஊகம்தான். ஊகத்தை நிரூபிக்க ஆத்தூர்ப் பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும். இது உண்மையானால் என்ன அர்த்தம் தெரிகிறதா? அந்த வெள்ளிக்கிழமை சாணார்பட்டி சிவப்பானதற்குக் காரணமே வாயுதான். இஷாக் கதவைத் திறப்பதற்கு முன்பே வாயு உள்ளே இருந்தது. அவன் வால்வைத் தொடவில்லை.

பெட்டியைப் படிக்கும் மென்பொருள் இஷாக்கின் மடிக்கணினியில் மட்டும்தான் இருக்கிறது. அதைப் போலீசார் எடுத்துப் போயிருந்தார்கள். இன்று மதியம்தான் திருப்பித் தந்தார்கள். பாரூக் பாய் அதை நேராக இங்கே கொண்டு வந்திருக்கிறார். அவர் மடியில் இருக்கும் பையில் இருப்பது அதுதான். கூட்டம் முடிந்ததும் நானும் அவரும் இப்படியே ஆத்தூர் போகிறோம். பெட்டி தொடப்படாமல் இருக்கிறது. முகேஷ்குமார் சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இஷாக்குக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை ஒன்று உண்டென்றால்...

மன்னிக்க வேண்டும். ஒரு சீட்டு வந்திருக்கிறது. நேரமாகிவிட்டது, முடித்துக்கொள் என்று எழுதியிருப்பார்கள். முடித்துவிடுகிறேன்.

நேரத்தைப் பற்றி இல்லை.

வாசிக்கிறேன். “ஆத்தூரில் ஷிப்ட் மாறியது. முகேஷ் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர் பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிட்டார். இஷாக் அண்ணனுக்குக் கூட்டம் நடக்கும்போது போர்டில் சிவப்பு இருக்கக்கூடாது என்று. இப்போது மூன்றும் பச்சை.”

பின்வரிசையில் கை தட்டுகிறீர்கள். வேண்டாம். தயவுசெய்து தட்டாதீர்கள்.

தட்டியவர் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. அவர் பெயர் எனக்குத் தெரிய வேண்டாம். அவர் அன்பால்தான் செய்தார். இஷாக் மேல் பிரியம் இருந்ததால்தான் செய்தார். முகேஷும் அசட்டையாகப் போகவில்லை, ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போவதுதானே நமக்கு வழக்கம். பெட்டி மறந்துவிட்டது. அவ்வளவுதான். பாரூக் பாய், எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். இனி ஆத்தூருக்குப் போக வேண்டியதில்லை.

இந்த இடத்தில் உறுதிமொழி சொல்லி முடிப்பது நம் சங்கத்தின் முறை. அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று நான் சொல்ல வேண்டும், நீங்கள் எழுந்து நின்று திருப்பிச் சொல்ல வேண்டும். தொடர்வோம். ஆனால் எப்படித் தொடர்வது என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள். இனி நான் ஊகித்ததை நிரூபிக்க வேண்டுமானால் மறுபடி எங்காவது ஒரு அறையில் வாயு கசிய வேண்டும். கசிந்து, பெட்டி வாயடைத்து, நம்மில் ஒருவரும் தட்டாமல் இருக்க வேண்டும். அப்படி ஒரு நாள் வர வேண்டும் என்று நான் காத்திருக்கப் போகிறேன். இன்னொரு கசிவுக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு மனிதன் மேடையில் நின்று சொல்லலாமா? வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அந்த நாள் வந்தால், உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், எல்லோரையும் வெளியே அனுப்புங்கள், கதவைச் சாத்துங்கள், சுவிட்சை மட்டும் தொடாதீர்கள். மூச்சுக்கருவி அலமாரிச் சாவியை மேலாளர் இன்றே எல்லார் கையிலும் கொடுக்க வேண்டும். இதுதான் உறுதிமொழி. திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை, செய்தால் போதும்.

பாரூக் பாய், இப்போது நீங்கள் வீட்டுக்குப் போனதும் தங்கச்சி கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும். நான் என்ன சொன்னேன் என்று கேட்கும். ஆத்தூர் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். இன்னும் தெரியவில்லை என்று சொல்லுங்கள்.